கேமரா இல்லாமல் பிளாஷ் அடித்த மாலை

ஆடிக் கிருத்திகை அன்று மாலை ஆறே முக்காலுக்கு என் மனைவி சரோஜா சரவணப் பொய்கையின் படிக்கட்டில் தனியாக வந்து நின்றாள். மணி இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம் உண்டு. ஏழு மணிக்குத் தெப்பம் கிளம்பும் என்று சொல்லியிருந்தார்கள். நான் அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். அவளுடைய ஒரு கையில் கதம்பம் இருந்தது. இன்னொரு கையில் ஒன்றும் இல்லை.

"ரேவதி இங்க வந்துட்டாளா?" என்றாள்.

"உன்கூடதான பூ வாங்க போனா?"

"காவடி கூட்டம் ஒண்ணு நடுவுல பூந்துச்சுங்க. கைய உருவிகினா. இங்கதான் ஓடியாந்திருப்பான்னு நெனச்சேன்..."

எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது.

போட்டோ எடுக்கும் தம்பிகளே, வெளியிடங்களில் பேட்டரி வைத்து ஸ்டுடியோ பிளாஷ் அடிப்பதைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். எந்தப் பேட்டரி நல்லது, எப்போது டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இப்போது வருகிற பெட்டிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடலாம். கண்ணில் புரை விழுந்து கேமராவை எடுத்து வைத்துவிட்ட நான் அதில் புதிதாக என்ன சொல்லப் போகிறேன்? ஆனால் கையில் இருக்கும் கொஞ்ச வெளிச்சத்தை எதற்குச் செலவழிப்பது என்று ஒரு மனிதன் நெருக்கடியில் முடிவெடுக்க வேண்டிவரும். அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்த ஒரு மாலையில் தெரிந்துகொண்டதுதான். வருடங்கள் ஆகியும், எங்காவது பிளாஷ் அடித்தால் நான் யாரைப் படம் எடுக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. கூட்டத்தின் கால்களுக்கு நடுவே பார்க்கிறேன்.

அந்த வருடம் பொதட்டூர்பேட்டையைச் சேர்ந்த ஒரு நெசவுக் குடும்பம் தெப்பத்துக்குப் பூ அலங்காரம் செய்யும் பொறுப்பை ஏற்றிருந்தது. குடும்பத்தின் பெரியவர் பெயர் குப்புசாமி. அவருக்கு ஓர் ஆசை. மொத்தக் குடும்பமும் பொய்கைப் படியில் நிற்க வேண்டும், பின்னால் சாமி தெப்பத்தில் வர வேண்டும், எல்லாம் ஒரே படத்தில் விழ வேண்டும். மகன்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள் என்று படிக்கட்டு நிறைய ஆள். கேமராவின் மேல் மாட்டுகிற சின்ன பிளாஷின் வெளிச்சம் முன்வரிசையைத் தாண்டாது. ஸ்டுடியோவில் இருக்கும் பெரிய பிளாஷ்தான் வேண்டும். அதற்குக் கரண்ட் வேண்டும். கரையில் இருந்த கரண்டெல்லாம் சீரியல் பல்புக்கும் மைக் செட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது. திருவிழா நாளில் போட்டோகாரனுக்கு யார் ஒயர் கொடுப்பார்கள்?

அதனால் கார் பேட்டரி. அரக்கோணத்தில் ஒரு ரேடியோ மெக்கானிக், பேட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற ஒரு கன்வர்ட்டரை எனக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். பேட்டரி, கன்வர்ட்டர், பிளாஷின் பவர் பெட்டி மூன்றையும் ஒரே மரப்பெட்டிக்குள் இறக்கி, இரண்டு பக்கமும் கயிற்றால் கைப்பிடி போட்டிருந்தேன். பெட்டியிலிருந்து ஒரு ஒயர் மேலே போய், மூங்கில் கழியில் கட்டிய பிளாஷ் விளக்கில் சேரும். ஒரு முறை பளிச்சிட்ட பிறகு, காதோரம் கொசு பாடுவது போன்ற சத்தத்தோடு பெட்டி மறுபடியும் மின்சாரத்தைச் சேர்க்க ஆரம்பிக்கும். சேர்ந்து முடிந்ததும் சிவப்பாக ஒரு பொட்டு விளக்கு எரியும். அதற்கு முன்னால், கேமரா இல்லாமலும் அடிக்க ஒரு நீள ஒயரின் நுனியில் வைத்திருந்த பொத்தானை அமுக்கினால் அரை வெளிச்சம்தான் வரும். பேட்டரி இறங்க இறங்க, அந்தச் சிவப்பு எரியத் தாமதமாகிக்கொண்டே போகும். பெட்டியைப் பற்றி இவ்வளவு போதும்.

மத்தியானம் இந்தப் பெட்டியை மாட்டுவண்டியிலிருந்து இறக்கும்போது நகரியிலிருந்து வந்திருந்த ராமய்யா பார்த்துவிட்டார். அவரும் போட்டோகாரர்தான். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எல்லாரும் அவரைப் பாவா, அதாவது தெலுங்கில் மச்சான், என்றுதான் கூப்பிடுவோம். அவரும் எங்களை அப்படியேதான் கூப்பிடுவார்.

"இன்னா பாவா, காரை வித்துட்டு பேட்டரிய மட்டும் கொணாந்துட்டியா?" என்றார்.

"நீ அந்தச் சுண்டக்கா வெளிச்சத்த வெச்சிகினு சாமி மூக்கையாவது புடி பாவா" என்றேன்.

எங்களுக்குள் போட்டி பலமாகத்தான் இருந்தது. அதற்கு முந்தின வருடம், தெப்பம் முதலில் கிழக்கே திரும்பும் என்று அவர் என்னிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். நான் நம்பிக் கிழக்கே போய் நின்றேன். தெப்பம் மேற்கே திரும்பியது. அங்கே ராமய்யா மட்டும் இருந்தார். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

சரோஜா சொன்னதைக் கேட்டதும் நான் கேமராவைக் கழுத்தில் போட்டபடியே படியில் இறங்கி ஓடினேன். "ரேவதி, ரேவதி" என்று கத்தினேன். மொட்டைத்தலைகளும் மஞ்சள் வேட்டிகளும் பூக்காவடிகளுமாகக் கூட்டம் என்னை இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போனது. எத்தனையோ பேர் ஒரே மூச்சில் 'அரோகரா' என்றார்கள். அதில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. நாதஸ்வரம் ஒரு பக்கம். காணாமல் போன பிள்ளைகளின் பெயர்களைத் தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்த மைக் ஒரு பக்கம். இந்தச் சத்தத்தில் ஒரு குழந்தையின் காதுக்கு எதுவும் போய்ச் சேராது என்று அப்போதே புரிந்துவிட்டது.

பின்னால் வந்த சரோஜா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கங்க ஓடறீங்க? நீங்க போய்ட்டா அவ வந்து யார பாப்பா? வெளிச்சத்துகிட்டதான வருவா. நீங்கதான சொல்லி வெச்சிருக்கீங்க?"

ஆமாம், நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

கனகம்மாசத்திரம், மணவூர், கே.ஜி.கண்டிகை என்று எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போனாலும் ரேவதியைக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். சாப்பாட்டுப் பந்தியிலும் வாசலிலும் விளையாடிக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். 'கூட்டத்துல நைனாவ காணோம்னா அழக்கூடாது. பளிச்சினு வெளிச்சம் எங்க அடிக்குதோ அங்க வா. அங்கதான் நான் இருப்பேன்.' ஒவ்வொரு முறையும் வந்துவிடுவாள். மணவறைக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு சின்னக் கை என் வேட்டியைப் பிடிக்கும். இதை நான் மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னதுண்டு.

கல்யாணத்தில் பிளாஷ் அடிப்பவன் ஒருவன்தான். அதனால்தான் அந்தப் பாடம் பலித்தது. அது எனக்கு உறைத்தது, பொய்கைப் படியில் நின்று சுற்றிலும் பார்த்த அந்தக் கணத்தில்தான். எதிர்க்கரையில் ராமய்யாவின் பிளாஷ் அடித்தது. வடக்கு மண்டபத்தில் சோளிங்கர்க்காரர்கள் இரண்டு பேர் மாற்றி மாற்றி அடித்தார்கள். மலைப்படி தொடங்கும் இடத்தில் சென்னையிலிருந்து வந்த யாரோ ஒருவர். ஒவ்வொரு வெளிச்சமும் என் மகளிடம், 'நைனா இங்கே இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. போட்டோகாரன் வீட்டில்தான் பிள்ளைக்கு இப்படி வழி சொல்லித் தருவார்கள். போட்டோகாரன் வீட்டுப் பிள்ளைதான் இப்படித் தொலைந்தும் போகும்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று அடுத்த நொடியே வந்தது. ஆறு வயதுக் குழந்தை வெளிச்சத்தைப் பார்த்தால் நேராகத்தான் போகும். இந்தக் கரையிலிருந்து ராமய்யாவின் வெளிச்சத்துக்கு நேர்வழி என்றால், நடுவில் இருப்பது தண்ணீர். படிகள் பாசியோடு இறங்கிக்கொண்டே போகும்.

ஓடித் தேடுவதா, நிற்பதா? பெற்றவனுக்குக் கால் நிற்காது. ஆனால் ஓடினால் நானும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போன இன்னோர் ஆள், அவ்வளவுதான். என் பிள்ளை தேடிக்கொண்டிருப்பது என் முகத்தை அல்ல, வெளிச்சத்தை. அந்த வெளிச்சம் மரப்பெட்டியோடு ஒயரால் கட்டப்பட்டுப் படியில் இருக்கிறது. அதை விட்டு நான் நகரக்கூடாது. இந்த முடிவை எடுக்க எனக்கு ஒரு மூச்சு நேரம்தான் ஆயிற்று. அதில் நிற்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

சரோஜாவை மைக் செட்டுக்கு அனுப்பினேன்.

"நான் தேடறேங்க, ஒரு எடத்துல என்னால நிக்க முடியாது" என்று அழுதாள்.

"யாராவது கொழந்தைய தூக்கிகினு வந்தா அங்கதான் வருவாங்க. நீ அங்க நில்லு. நான் இங்க நிக்கறேன். ரெண்டு பேரும் நகரக்கூடாது."

பிறகு பெரியவரிடம் போனேன். குடும்பம் மொத்தமும் பட்டுப்புடவையும் புது வேட்டியுமாகப் படியில் வரிசை கட்டி நின்றுகொண்டிருந்தது. உயரம் பார்த்து நிறுத்தியதே நான்தான்.

"அய்யா, என் பொண்ண காணோம். இந்த வெளிச்சம் இனிமே உங்க படத்துக்கு இல்ல. பேட்டரி தீர்ற வரிக்கும் அவளுக்குத்தான்."

பெரியவருக்குப் பதில் அவருடைய மூத்த மருமகன் தணிகாசலம் குறுக்கே வந்தான். நல்ல உடற்கட்டு, உரத்த குரல்.

"இன்னா போட்டோகாரரே, சாமி கெளம்பற நேரத்துல இப்டி சொல்றீங்க? மைக்ல சொன்னா யாரனா இட்டாந்து உடப்போறாங்க. ஊரையே கெளப்பி இட்டாந்து நிக்க வெச்சிகினு கீறோம்..."

"தணிகாசலம்" என்றார் பெரியவர். "உன் பொண்ணு எங்க கீது?"

"தோ, அவ அம்மா இடுப்புல."

"ஆங். அப்ப வாய மூடிகினு, அவருக்கு இன்னா வேணும்னு கேளு."

எனக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, கழியை உயர்த்திப் பிடிக்க ஆள். இரண்டாவது, மற்ற பிளாஷ்கள் நிற்க வேண்டும். என்னுடையதை மட்டும் அடித்துப் பயனில்லை. அவளுக்கு எதிரே ஐந்து வெளிச்சம் இருந்தால் ஐந்தில் எது நைனா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஒன்றே ஒன்று இருக்க வேண்டும்.

பெரியவரின் தம்பி மகன்களை ஆளுக்கொரு பக்கம் அனுப்பினேன். 'இப்படி ஒரு குழந்தை காணோம், நாங்கள் சொல்லும்வரை யாரும் பிளாஷ் அடிக்க வேண்டாம்' என்று சொல்லச் சொன்னேன். சோளிங்கர்க்காரர்கள் முணுமுணுத்துவிட்டு நிறுத்தினார்கள். மலைப்படி ஓரத்து வெளிச்சமும் நின்றது. எதிர்க்கரை மட்டும் நிற்கவில்லை. அங்கே போயிருந்தவன், தம்பி மகன்களில் ஒருவனான மணி, மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

"அந்த நகரிக்காரரு கேக்க மாட்டேங்கறாருங்க. சிரிக்கறாரு. 'தெப்பம் கெளம்பசொல்ல எங்கள நிறுத்த சொல்லிட்டு, உங்க ஆளு மட்டும் படம் புடிச்சிக்குவாரா? இந்த வித்தைய நான் போன வருசமே பண்ணிட்டேன்னு பாவாகிட்ட சொல்லு'ங்கறாரு."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். திருவிழாவில் ஒரு போட்டோகாரன் இன்னொரு போட்டோகாரனை நம்புவதற்கு நாங்கள் இரண்டு பேருமே எந்தக் காரணத்தையும் வைக்கவில்லை. இனி எந்த வார்த்தை சொல்லி அனுப்பினாலும் அதுவும் தந்திரம் என்றுதான் அவருக்குப் படும். வார்த்தையால் ஆகாது என்று தெரிந்தது.

கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றினேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூடப் பிறந்தவன் கேட்டாலும் வெளியிடத்தில் கேமராவைக் கையை விட்டுக் கொடுக்க மாட்டோம். அது இரட்டை லென்ஸ் கேமரா. அன்று காலையிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் உள்ளே இருந்தன. அதை மணியின் கழுத்தில் மாட்டினேன்.

"இத அவர் கையில குடு. குடுத்துட்டு, 'நான் படம் புடிக்கல பாவா, என்கிட்ட வெளிச்சம் மட்டும்தான் கீது'ன்னு சொல்லு. வேற எதுவும் பேசாத."

மணி கூட்டத்துக்குள் புகுந்தான். நான் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிவப்புப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கரையில் இன்னொரு முறை வெளிச்சம் அடித்தது. அப்புறம் இன்னொரு முறை. மணி எங்கேயாவது கூட்டத்தில் சிக்கிவிட்டானோ, கேமராவும் போய் நேரமும் போயிற்றோ என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு எதிர்க்கரையில் வெளிச்சம் வரவில்லை.

அங்கே நடந்ததை மணி பின்னால் சொன்னான். ராமய்யா என் கேமராவைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டதாம். அதைத் தன் கேமராவோடு சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அந்தக் கரை முழுக்க ஓடினாராம். சொந்தமாகக் கேமரா கொண்டுவந்திருந்த பக்தர்களைக்கூட விடவில்லை. "எவனாவது லைட் அடிச்சான்னா கேமராவ புடுங்கி கொளத்துல போடுவேன்" என்று தமிழிலும் தெலுங்கிலும் கத்தினாராம்.

தெப்பம் கிளம்பியது. மேளம் உச்சத்துக்குப் போனது. அந்த வருடத்தில் எல்லாரும் காத்திருந்த நேரம் அதுதான். கரை முழுக்க இருந்த போட்டோகாரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பொய்கையைச் சுற்றி என் பிளாஷ் ஒன்றுதான் அடித்தது.

அப்போது நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. தெப்பத்தைப் பார்க்க உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கினார்கள். என் மூங்கில் கழி அந்தத் தலைகளுக்குள் மறைந்துபோனது. கழியை இன்னும் உயர்த்தலாம் என்றால் ஒயர் எட்டவில்லை. பெட்டியே மேலே போனால்தான் விளக்கு மேலே போகும்.

நான் வாயைத் திறக்கும் முன் தணிகாசலம் குனிந்தான். இன்னொருவன் ஒரு பக்கம் தாங்க, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு படிக்குப் பக்கத்திலிருந்த மண்டபத்துத் திண்டின் மேல் ஏறி நின்றான். பெட்டி சாய்ந்ததில் பேட்டரியின் மூடிகள் வழியாக ஆசிட் கசிந்து, அவன் முதுகோடு இறங்கிப் புது வேட்டியில் சொட்டியது.

"ஆசிட்டு தணிகாசலம், கீழ வை! தோலு வெந்துடும்!"

"எரியுதுதான். தண்ணிய கொணாந்து ஊத்துங்கடா எவனாவது!" என்று கத்தினான். பெட்டியை இறக்கவில்லை. "வேட்டி போனா மாமனாரு வேற எடுத்து குடுப்பாரு. நீ அமுக்குய்யா!"

பெண்கள் குடத்தில் பொய்கைத் தண்ணீரை மொண்டு அவன் முதுகில் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

தம்பிகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவ்வளவு பேர் எனக்காக நிற்கிறார்கள், ஒருவன் முதுகு எரிகிறது, என் பிள்ளை எங்கேயோ தண்ணீர் ஓரத்தில் இருக்கிறாள். கட்டைவிரல் பொத்தான் மேல் துடிக்கிறது. இப்போதே அமுக்கு, இப்போதே அமுக்கு என்று உடம்பு சொல்கிறது. ஆனால் சிவப்பு எரியாமல் அமுக்கினால் வருவது மின்மினி வெளிச்சம். அது எதிர்க்கரைக்குத் தெரியாது. சேர்த்த மின்சாரமும் வீண். ஒவ்வொரு முறையும் அந்தக் கொசுச் சத்தம் ஏறி முடியும் வரை காத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் கழியைப் பிடித்திருந்தவனிடம் விளக்கின் முகத்தைக் கொஞ்சம் வேறு பக்கம் திருப்பச் சொன்னேன். காத்திருப்பு நீண்டுகொண்டே போனது. பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. கன்வர்ட்டரின் உறுமல் தொண்டை கட்டியவன் குரல் போலக் கம்மிவிட்டது. முழு வெளிச்சமாக இனி ஒன்று வரும். அதற்கு மேல் வருமா என்று தெரியாது.

சிவப்பு எரிந்தது. நான் அமுக்கவில்லை.

"இன்னாய்யா பாத்துகினு கீற?" என்று மேலிருந்து தணிகாசலம் கத்தினான்.

"இரு. தெப்பம் வரட்டும்."

நான் போட்ட கணக்கு இதுதான். அந்த நேரத்தில் பொய்கையைச் சுற்றி இருக்கும் ஒவ்வொரு கண்ணும் தெப்பத்தைத்தான் பார்க்கிறது. ஆறு வயதுக் குழந்தை தொலைந்து போயிருந்தாலும், அத்தனை விளக்கோடு சாமி வந்தால் அதைப் பார்க்காமல் இருக்காது. தெப்பம் வேறு எங்கேயோ இருக்கும்போது நான் அடித்தால் அவள் முகம் அந்தப் பக்கம் இருக்கும். தெப்பம் எங்கள் படிக்கு நேராக வரும்போது அவள் எந்தக் கரையில் நின்றாலும் அவள் முகம் எங்கள் பக்கம் இருக்கும். அப்போது அடிக்க வேண்டும். கணக்கு தப்பினால் மிச்சம் ஒன்றும் இல்லை.

தெப்பம் மெதுவாக வந்தது. தெப்பம் எவ்வளவு மெதுவாகப் போகும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பூவும் விளக்குமாக எங்கள் படிக்கட்டுக்கு நேராக வந்து நின்றாற்போல் ஆனது. குப்புசாமிப் பெரியவரின் குடும்பம் படியில் அப்படியே வரிசையில் நின்றிருந்தது. பின்னால் சாமி. பல நாளாக நான் மனதில் வரைந்து வைத்திருந்த படம் அச்சு அசலாக எதிரே இருந்தது. கேமரா ராமய்யாவின் கழுத்தில் இருந்தது.

அமுக்கினேன்.

பொய்கை முழுவதும் ஒரு நொடி வெள்ளையாகித் திரும்பியது. தண்ணீர், மண்டபத் தூண்கள், எதிர்க்கரையில் இருந்த முகங்கள் வரை எல்லாம் தெரிந்தன. அதில் என் மகள் முகம் இருந்ததா என்று பார்க்க எனக்கு நேரம் போதவில்லை.

அதன்பின் கொசுச் சத்தம் வரவில்லை. கன்வர்ட்டர் ஒரு முறை விக்கிவிட்டு அடங்கியது. தணிகாசலம் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான். அவன் வேட்டியின் பின்பக்கம் சல்லடையாகியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. "இன்னொண்ணு வராதா?" என்று கேட்டான். வராது என்று தலையசைத்தேன். தெப்பம் எங்களைத் தாண்டிப் போனது.

செய்வதற்கு எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. வெளிச்சம் தீர்ந்துபோன விளக்குக்குக் கீழே நகராமல் நிற்பது ஒன்றுதான் பாக்கி. ஓடலாம் என்று மறுபடியும் தோன்றியது. கடைசி வெளிச்சத்தை அவள் பார்த்திருந்தால் இந்த இடத்துக்குத்தான் வருவாள். வரும்போது நான் இங்கே இருக்க வேண்டும். மூங்கில் கழியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பின்னால் பலர் என்னிடம், 'நல்ல முடிவு எடுத்தீர்கள்' என்று சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் வேறு பக்கம் பார்த்திருந்தால் அதே முடிவு கெட்ட முடிவாகியிருக்கும். முடிவு எடுத்தவன் அதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் நம் கையில் இருப்பது. தெப்பத் திருவிழா மூன்று நாள் என்பதால், அடுத்த நாள் ராமய்யாவே தன் ஆட்களோடு வந்து நின்று, பெரியவரின் குடும்பத்தைப் படம் எடுத்துக் கொடுத்தார். அது வேறு கதை.

கழியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கடிகாரத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. தண்ணீர் ஓரமாக நின்றிருந்த பெண்களின் கால்களுக்கு நடுவில் ஏதோ அசைந்தது. முதலில் ஒரு கை வந்தது, பிறகு தலை. பாவாடை இடுப்புவரை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. நெற்றியில் யாரோ பூசிவிட்ட விபூதி, தலைமுடியில் காவடியிலிருந்து உதிர்ந்த பூ. அழுத அடையாளமே இல்லை. ஒவ்வொரு படியாக ஏறி வந்து, என் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் கோபம்.

"இன்னா நைனா நீ!" என்றாள் ரேவதி. "அங்க ஓடற, இங்க ஓடற, தண்ணிக்கு அந்தாண்ட ஓடற. எத்தினி வாட்டி நான் உன் பின்னால ஓடியாறது? ஒரு எடத்துல நின்னா நான் வந்துட மாட்டனா?"